தாமதம் லேப் டிப்பில் பிறக்கிறது, சட்டம் தையலில் உடைகிறது: திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவரிடம் சம்பளம் வாங்குகிறவன் நான். பிளானிங் வேலை. ஆர்டர் கன்ஃபர்ம் ஆன நாளிலிருந்து கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பும் நாள் வரை ஒவ்வொரு வேலைக்கும் தேதி போடுவதும், போட்ட தேதிகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும்தான் என் பிழைப்பு. பெயர் போடாமல் எழுதுகிறேன், காரணம் உங்களுக்கே தெரியும்.

இப்போதெல்லாம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கம்ப்ளையன்ஸ், அதாவது சட்டப்படியும் விதிப்படியும் நடப்பது, பற்றி ஒரே பேச்சுதான். "கம்ப்ளையன்ஸ், கம்ப்ளையன்ஸ்னு கழுத்தை நெரிக்கிறாங்க. இதுல எப்படி டைமுக்கு ஷிப்மென்ட் போடறது?" சட்டம் ஒரு பக்கம் இழுக்கிறது, டெலிவரி தேதி இன்னொரு பக்கம் இழுக்கிறது, இரண்டுக்கும் நடுவில் முதலாளி மாட்டிக்கொண்டார் என்பது போல ஒரு சித்திரம். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். அந்தச் சித்திரம் தவறு என்று நினைப்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன். சட்டம் நம் ஷிப்மென்ட்டைத் தாமதப்படுத்துவதில்லை. நம் திட்டத்தில் வரும் தாமதம்தான் கடைசியில் போய்ச் சட்டத்தை உடைக்கிறது. உடைந்த சட்டம் அடுத்த ஷிப்மென்ட்டை நிறுத்துகிறது.

கணக்கோடு சொல்கிறேன்.

40,000 பீஸ் பேசிக் டீ-ஷர்ட் ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லைனில் எட்டு மணி நேர ஷிப்டுக்கு 800 பீஸ் இறங்குகிறது என்று வைப்போம். இரண்டு லைன் ஓட்டினால் நாளுக்கு 1,600. ஆக, தையலுக்கு 25 வேலை நாள். டைம் அண்ட் ஆக்‌ஷன் ஷீட்டில் (எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்ற அட்டவணை) அந்த 25 நாளையும் போட்டுவிடுகிறோம். லேப் டிப் (சாய நிறத்தின் சிறு மாதிரி) அப்ரூவல் நான்கு நாள் தள்ளிப்போகிறது. பையரின் (ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனத்தின்) ஆபீசில் ஒருவர் லீவு, ஷேடு கொஞ்சம் சிவப்படிக்கிறது என்று கமென்ட், திரும்ப அனுப்பு. பிரின்ட் ஸ்ட்ரைக்-ஆஃப் (பிரின்ட்டின் மாதிரி) மூன்று நாள் தள்ளிப்போகிறது. டையிங்கில் லாட் ஒன்று ஷேடு மாறி ரீபிராசஸுக்குப் போய் இன்னும் மூன்று நாள். மொத்தம் பத்து நாள். ஷிப்மென்ட் தேதி மட்டும் அசையவில்லை. இப்போது 40,000 பீஸை 15 நாளில் தைக்க வேண்டும். நாளுக்கு 2,667 பீஸ். அதே இரண்டு லைன், அதே ஆட்கள் என்றால் எட்டு மணி நேர வேலை பதின்மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போகிறது. ஒன்றரை ஷிப்டும் போதாது.

பதினைந்து நாளில் ஒரு தொழிலாளிக்கு 80 மணி நேரம் ஓவர்டைம். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் மூன்று மாதத்துக்கே 50 மணி நேரம்தான் பொதுவாக அனுமதித்தது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, உச்சவரம்பை விதிகள் மூலம் அரசே மாற்றலாம். சரி, மாறட்டும். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது அதிலும் மாறவில்லை, தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்பதும் எழுத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறி, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டு, பிறகு திரும்பப் பெறப்பட்டதையும் பார்த்தோம். அது சட்டமாகியிருந்தால்கூட மேலே சொன்ன 40,000 பீஸ் ஆர்டர் அதற்குள் அடங்கியிருக்காது. பதின்மூன்றை எந்தச் சட்டமும் தாங்காது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தாமதம் நடந்த இடத்தில் எந்தச் சட்டமும் உடையவில்லை. லேப் டிப் தாமதமானால் அபராதம் கிடையாது. ஸ்ட்ரைக்-ஆஃப் தாமதமானால் இன்ஸ்பெக்டர் வர மாட்டார். முன்பக்கத்தில் யார் யாரோ தின்ற நாட்களையெல்லாம் கடைசியில் தையலும் செக்கிங்கும் அயர்னிங்கும் பேக்கிங்கும் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. சட்டம் மனிதர்களின் நேரத்தை எண்ணுவது சரியாக அந்த இடத்தில்தான். அதனால்தான் பையருக்காகச் சோதிக்க வரும் ஆடிட்டர் ஃபேக்டரிக்குள் வந்ததும் நேராகத் தையல் தளத்துக்குப் போகிறார். சம்பள ரிஜிஸ்டரைப் புரட்டுகிறார், நூலும் துணியும் எந்தத் தேதியில் வந்தன என்று கேட்பதில்லை. கேட்டால் பதில் பையரின் ஆபீசுக்கே போய் முடியும்.

அப்புறம் என்ன நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆடிட்டுக்கு ஒரு ரிஜிஸ்டர், சம்பளம் போட ஒரு நோட்டு. ஆடிட் அன்று கைமடிப் பெண்களிடம் (தையலுக்கு உதவியாக இருப்பவர்கள்) என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலேயே வகுப்பு. இந்த நாடகத்துக்கு ஆகும் நாட்களையாவது யாராவது கணக்குப் போட்டீர்களா? ஆடிட் வருகிற வாரம் எச்.ஆர். ஆட்கள், புரொடக்‌ஷன் மேனேஜர், டைம் ஆபீஸ் எல்லாரும் காகிதத்துக்குப் போய்விடுகிறார்கள். லைன் பாதி வேகத்தில் ஓடுகிறது. "கம்ப்ளையன்ஸால் லேட்" என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இந்த வாரத்தைத்தான். அது சட்ட மீறலை மறைக்க ஆகும் செலவு. சட்டப்படி நடக்க ஆகும் செலவை நாம் இன்னும் கணக்கே போட்டுப் பார்க்கவில்லை.

சாயப் பிரச்சினையைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்த ஊர் இதில் ஒரு தடவை முழுதாக விழுந்து எழுந்திருக்கிறது.

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகள், பிளீச்சிங் பட்டறைகள், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அத்தனையையும் மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட யூனிட்கள் ஒரே நாளில் நின்றன. கோடைக்கால ஆர்டர்கள் உச்சத்தில் இருந்த நேரம். கோராத் துணியை (சாயம் ஏற்றாத துணி) லாரியில் ஏற்றி வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் அனுப்பி, சாயம் ஏறித் திரும்பி வரக் காத்திருந்தவர்கள் உங்களில் பலர். லாட்டுக்கு லாட் ஷேடு மாறியது. கடலில் போக வேண்டியது விமானத்தில் போனது. பையர்கள் சிலர் போனவர்கள் போனவர்கள்தான்.

அதை இன்றும் "கோர்ட்டு திடீர்னு மூடிருச்சு" என்றுதான் சொல்கிறோம். திடீரென்று எங்கே மூடியது? நொய்யல் பாசன விவசாயிகள் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் நடந்தது. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்று கெடு வைத்தது. கெடு நீண்டது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லி மூன்று மாதம் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் 2011. நான்கு வருடம் முன்பே தேதி குறிக்கப்பட்ட வேலை ஒன்றை நாம் யாருடைய ஷீட்டிலும் ஏற்றவில்லை. தொழில்நுட்பம் கிடைக்கவில்லை, பணம் இல்லை என்றோம், இரண்டும் ஓரளவு உண்மைதான். ஆனால் மூடிய பிறகு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது, உப்புக் கரைசலையே மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்தும் முறை அருள்புரம் நிலையத்தில் ஓடிக் காட்டியது, ஒன்றன்பின் ஒன்றாக நிலையங்கள் திறந்தன. கழிவுநீரை முழுதாகச் சுத்திகரித்து மறுபயன்பாடு செய்யும் ஊர் என்று இன்று பையரிடம் நாமே பெருமையாகச் சொல்லி ஆர்டர் பிடிக்கிறோம். அன்று கழுத்தை நெரித்ததாகச் சொன்ன அதே சட்டம்தான்.

சரி, அதிலிருந்து பிளானிங்குக்கு என்ன எடுத்துக்கொண்டோம்? என் அனுபவத்தில் மிகக் குறைவு. இன்னமும் டையிங் திறனை மெஷின் கணக்கில்தான் பார்க்கிறோம். இத்தனை சாஃப்ட்-ஃப்ளோ சாய மெஷின், இத்தனை கிலோ, நாளுக்கு இத்தனை பேட்ச். உண்மையான திறன் லிட்டர் கணக்கில் இருக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அந்தப் பட்டறைக்கு நாளுக்கு எத்தனை லிட்டர் விட உரிமை இருக்கிறதோ அதுதான் அதன் அளவு. நிலையத்தில் கழிவுநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் ஒன்று பராமரிப்புக்குப் போனால் உறுப்பினர்கள் எல்லாருக்கும் அன்றைக்கு அளவு குறையும். கறுப்பும் நேவியும் சாயமேற்ற உப்பும் அதிகம், அலசலும் அதிகம், ஆகவே லிட்டரும் அதிகம். ஒரு சீசனில் உங்கள் ஆர்டர்களில் பாதி அடர் நிறம் என்றால் அதே பத்து மெஷின் வைத்திருக்கும் பட்டறை உங்களுக்கு ஏழு மெஷின் பட்டறையாகச் சுருங்கிவிடலாம். பையரோடு பேசி ஆர்டரை நடத்தும் மெர்சன்டைசருக்கு இது தெரியாது. தெரிய வேண்டும் என்று நாம் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. டையிங்காரரிடம் "எப்ப தருவீங்க?" என்று கேட்கிறோம். "இந்த வாரம் உங்களுக்கு எத்தனை லிட்டர் ஒதுக்கியிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், வரும் பதில் வேறாக இருக்கும். அவரும் நிம்மதியாக உண்மையைச் சொல்வார்.

இன்னொரு இடம் ஜாப் ஒர்க், அதாவது வெளி யூனிட்டில் கூலிக்குத் தைக்கக் கொடுப்பது. தையல் நெருக்கடி வந்ததும் கட்டிங் கட்டுகள் இரவோடிரவாகப் பவர் டேபிளுக்கு (கூலிக்குத் தைக்கும் சிறு யூனிட்) போகின்றன. அந்த யூனிட்டின் பெயர் பையரிடம் கொடுத்த பட்டியலில் இருக்காது. நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பையர் அங்கீகரிக்காத யூனிட்டில் பத்தாயிரத்துச் சொச்சம் பீஸ் தைத்து முடித்து, பேக் ஆகி, கார்ட்டன் அடுக்கி ஆகிவிட்டது. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் ஒரு கார்ட்டனைத் திறந்தபோது பீஸ்களுக்கு நடுவில் அந்த யூனிட்டின் டெலிவரி சலான் மடித்துக் கிடந்தது. யாரோ கவனக்குறைவாக விட்டது. சரக்கில் குறையே இல்லை, அளவு சரி, தையல் சுத்தம். ஆனாலும் மொத்த லாட்டும் கோடவுனில் நின்றது. அந்த யூனிட்டுக்குப் போய் ஆடிட் செய்து, அங்கே வயது குறைந்தவர்கள் யாரும் இல்லை, வெளியேறும் வழி பூட்டியிருக்கவில்லை என்று எழுதி வாங்கிப் பையருக்கு அனுப்பி, பதில் வருவதற்குள் கப்பல் போய்விட்டது. அந்த யூனிட் நல்ல யூனிட். முன்கூட்டிப் பட்டியலில் சேர்த்திருந்தால் ஒரு மெயிலில் முடிந்திருக்கும். சேர்க்காததற்குக் காரணம் கேட்டபோது கிடைத்த பதில்: "இந்த ஆர்டருக்கு ஜாப் ஒர்க் தேவைப்படும்னு யாருக்குத் தெரியும்?" மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். துணி ஐந்து நாள் தள்ளிப்போன அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

அதே பவர் டேபிள்காரருக்குப் பணம் எப்போது கொடுக்கிறோம்? இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். நம்மில் எத்தனை பேர் பவர் டேபிளோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுகிறோம்? தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் வட்டிக்கு வட்டி. இதெல்லாம் ஏட்டில் கிடந்தது, யாரும் சட்டை செய்யவில்லை. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு உட்பிரிவைச் சேர்த்த பிறகுதான் வரிக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர்கள் ஓடி வந்தார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கி கெடு தாண்டி நிதியாண்டு முடிவில் நிலுவையில் நின்றால் அந்த வருடம் அதைச் செலவாகக் காட்ட முடியாது, வரி கட்ட வேண்டும். உடனே என்ன செய்தோம்? "உத்யம் பதிவை (குறு, சிறு நிறுவனம் என்ற அரசுப் பதிவு) ரத்து பண்ணிடுங்க, இல்லாட்டி ஆர்டர் கிடையாது" என்று சிறு யூனிட்காரர்களிடம் சொன்னவர்களும் நம் ஊரில் உண்டு.

இதை நான் அறமாகப் பேசவில்லை, திறனாகப் பேசுகிறேன். நெருக்கடி வந்த வாரத்தில் பவர் டேபிள்காரர் யார் வேலையை முதலில் எடுப்பார்? பாக்கி இல்லாதவர் வேலையை. உங்கள் கட்டு அவர் வாசலில் பிரிக்காமல் கிடக்கும்போது நீங்கள் மெர்சன்டைசரைத் திட்டுவீர்கள். அந்தத் தாமதம் போன சீசனில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் பிறந்தது. டைம் அண்ட் ஆக்‌ஷன் ஷீட்டில் அக்கவுண்ட்ஸுக்கு ஒரு வரிகூடக் கிடையாது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

வெளிநாட்டுச் சட்டங்களைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறேன், அதைப் பற்றித்தான் எல்லா செமினாரிலும் பேசுகிறார்கள். அமெரிக்காவின் உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம் 2022 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஷின்ஜியாங் பருத்தி கலந்திருந்தால் கட்டாய உழைப்பில் உருவானது என்றே சுங்கம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதி செய்பவர் பொறுப்பு. அவர் நம்மிடம் கேட்பார். ஐரோப்பாவின் கட்டாய உழைப்புப் பொருள் தடை 2027 டிசம்பரில் வருகிறது. விநியோகச் சங்கிலிப் பொறுப்பு பற்றிய அவர்களுடைய இன்னொரு சட்டம் தள்ளிப்போடப்பட்டுச் சுருக்கப்பட்டது என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். பையரின் கேள்வித்தாள் சுருங்கியதாக எனக்குத் தெரியவில்லை. பஞ்சு பேலிலிருந்து நூல், துணி, ஆடை வரை காகிதத் தொடர் வேண்டும் என்பது இனி ஆர்டரின் ஒரு பாகம். நூல் வாங்கும் அன்றே அந்தக் காகிதத்தை வாங்கினால் கால் மணி நேர வேலை. ஷிப்மென்ட் முடிந்து இரண்டு மாதம் கழித்து ஸ்பின்னிங் மில்லில் கேட்டால் லாட் நம்பரையே தேட வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையின் சரக்கை அமெரிக்கச் சுங்கம் 2022 ஜூலை இறுதியில் நிறுத்தி வைக்க உத்தரவிட்டது. செப்டம்பரிலேயே அந்தத் தடை நீங்கியது. இப்படிப்பட்ட தடைகள் வருடக்கணக்கில் நீள்வது சகஜம். இது இவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்கு முக்கியக் காரணம், அந்த ஏப்ரலிலேயே தொழிற்சங்கமும் நிர்வாகமும் பிராண்டுகளும் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. பெண் தொழிலாளர்கள் புகார் சொல்லவும் அதைத் தீர்க்கவும் ஒரு ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. காட்டுவதற்கு உண்மையான வேலை இருந்தது. அந்த ஒப்பந்தம் ஒரு இளம்பெண்ணின் கொலைக்குப் பிறகே வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

சான்றிதழ் சுவரில் தொங்கினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அதற்கு, தொழிலாளர் நிலைமை சரியாக இருக்கிறது என்று சொல்லும் எஸ்.ஏ.8000 சான்றிதழ் கிடைத்திருந்தது.

சரி, என்னதான் கேட்கிறாய் என்கிறீர்களா?

ஆர்டர் கன்ஃபர்ம் செய்யும் கூட்டத்தில் கம்ப்ளையன்ஸ் பார்ப்பவரையும் அக்கவுண்ட்ஸ்காரரையும் உட்கார வையுங்கள். இப்போது அவர்கள் இருவரையும் நாம் கூப்பிடுவது தீ பிடித்த பிறகுதான். தையல் திறனை வாரத்துக்கு 48 மணி நேரத்தில் மட்டும் கணக்கிட்டு ஷீட் போடுங்கள். ஓவர்டைமைத் திட்டத்திலேயே சேர்த்துவிட்டால் தாமதம் வரும்போது கையில் எதுவும் மிஞ்சாது. தீபாவளி, பொங்கல் மட்டுமல்ல, ஹோலியும் சத் பூஜையும் அந்த ஷீட்டில் இருக்க வேண்டும். லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று நமக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் ஒவ்வொரு வருடமும் ரயிலேறிய பிறகுதான் "ஆள் இல்லை" என்கிறோம். ஜாப் ஒர்க் யூனிட்களைச் சீசன் தொடங்கும் முன்பே பார்த்து, பட்டியலில் ஏற்றி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு, அதைத் தனித்தனியாக நீங்கள் செய்ய முடியாது. பையரின் அப்ரூவல் எத்தனை நாள் தாமதமோ அத்தனை நாள் ஷிப்மென்ட் தேதியும் தானாகத் தள்ளிப்போகும் என்ற ஒரு வரியை ஒவ்வொரு பர்ச்சேஸ் ஆர்டரிலும் ஏற்ற வேண்டும். ஒருவர் மட்டும் கேட்டால் ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும், அந்தப் பயம் நியாயமானது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஊரிலிருந்து போகிறது. ஏற்றுமதியாளர் சங்கத்தின் மூலம் எல்லாரும் சேர்ந்து கேட்டால் பையர் எங்கே போவார்? வங்கதேசத்துக்குப் போவார் என்பீர்கள். ராணா பிளாசா என்ற ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்த பிறகு அங்கேயும் பிராண்டுகளைக் கையெழுத்துப் போட வைத்துச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வந்தது, சேர்ந்து கேட்டதால்தான் வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது தள்ளுபடி கேட்டு பையர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் மெயில் போட்டார்களே, அவர்களுக்குக் கூடிப் பேசத் தெரிகிறது.

தாமதத்தால் விமானத்தில் அனுப்பிய ஏர் செலவும், பையர் பணத்தில் பிடிக்கும் டெபிட் நோட்டும் எந்தக் கணக்கில் போகின்றன என்று உங்கள் அக்கவுண்ட்ஸில் கேளுங்கள். பல கம்பெனிகளில் அது "இதர செலவு". அதை ஆர்டர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முதல் தாமதம் எந்தத் தேதியில், யார் மேஜையில் தொடங்கியது என்று ஒரு பத்தியில் எழுதச் சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்களிடம் அந்தத் தேதிகள் எல்லாம் இருக்கின்றன. இதுவரை யாரும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் பிளானிங் பிரிவு ஊழியன்